காஸ் கடையில் மூன்று மணி நேரம்

நவம்பர் 3, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்கு இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர் வெர்லின், அவர் தங்கை லாவோன், லாவோன் வீட்டுக்காரர் டெல், போதகர் ஹோக்ஸ்ட்ரா, அவர் மனைவி. ஆக ஆறு பேர். மேசைக்கு நாற்காலி ஏழு. ஏழாவதை நான் சுவரோரம் நகர்த்தி வைத்தால் வெர்லின் வந்து திரும்ப இழுத்துப் போடுகிறார். அப்புறம் அந்தப் பக்கமே பார்க்காமல் சாப்பிடுகிறார். இரண்டு வருஷமாக இதுதான்.

மாட்டிறைச்சி ஐந்து பவுண்டு. மீந்தது நாளைக்கு சூப்புக்கு ஆகும்.

போதகர் வெர்லினின் இதயத்துக்காக ஜெபித்தார். டிசம்பர் 9, திங்கட்கிழமை, மில்வாக்கி பெரிய ஆஸ்பத்திரியில் வால்வு மாற்றுகிறார்கள். காலை ஐந்தரைக்கே அங்கே இருக்க வேண்டுமாம். எல்லோரும் ஆமென் சொன்னோம். வெர்லின் கொஞ்சம் தாமதித்துச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு பாத்திரம் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"கோராவுக்குச் சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம்."

"உங்க பொண்ணுங்க அவ."

"கூப்பிட்டு இரக்கம் வாங்கிக்கணுமா நான்? வரணும்னு தோணினா தானா வருவா."

சொல்லாமல் எப்படித் தானாக வருவாள்? இதைக் கேட்கவில்லை. மார்பைத் தடவிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார்.

நவம்பர் 4, திங்கள்

நூலகத்தில் இதயத்தைப் பற்றிய புத்தகம் எடுத்துவந்தேன். வால்வுக்கு மூன்று இதழ். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை திறந்து மூடுகிறது. யாரும் எண்ணெய் விடுவதில்லை, யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. படித்துவிட்டு அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். ஆண்டவரே, உம்முடைய கைவேலை.

நவம்பர் 6, புதன்

வெர்லின் சபை மூப்பர் கூட்டத்துக்குப் போனார். வழக்கம்போல் கோரா போன் செய்தாள்.

கோராவுக்கு இருபத்தொன்பது வயது. நம் ஊர் பாங்கில் நல்ல வேலையில் இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன் அதை விட்டுவிட்டு மில்வாக்கியில் காஸ் என்பவரின் பாரில் மது ஊற்றும் வேலைக்குப் போனாள். ஏன் என்று கேட்டதற்கு, "பாங்க்ல கண்ணாடிக்குப் பின்னாடி உக்காந்திருந்தேன்மா, யாரும் என்கிட்ட ஒண்ணும் சொல்றதில்ல" என்றாள். வெர்லின் மேசையில் வைத்தே சொன்னார் — "அந்த வேலைய விட்டுட்டு வா. இல்லேன்னா வராதே." அவள் நாப்கினை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாள். இரண்டு பேருக்கும் ஒரே தாடை, ஒரே பிடிவாதம்.

இன்று கோரா சொன்னாள்: "வெள்ளிக்கிழமை எனக்கு லீவு. நீ வாயேன். வேற எங்கயும் வேண்டாம், எங்க கடைக்கே வா. ஒரு தடவை பாத்துட்டு அப்புறம் திட்டு."

"நான் எப்ப திட்டினேன்?"

"நீ திட்டல. பெருமூச்சு விட்ட."

போகிறேன். நேரில் சொல்லிவிடலாம்.

நவம்பர் 7, வியாழன்

பொய் சொல்லக் கூடாது என்று வெர்லினிடம் நேராகவே சொன்னேன்: லாவோனோடு மில்வாக்கி போகிறேன், கோராவைப் பார்க்க, அவள் வேலை செய்யும் இடத்தில்.

பேப்பரைத் திருப்பினார். மடித்து வைத்துவிட்டு: "ரோடு வழுக்கும். லாவோனை மெதுவா ஓட்டச் சொல்லு." பிறகு: "ஆபரேஷன் பத்திப் பேச்செடுக்காதே."

நான் வாக்குக் கொடுக்கவில்லை. கழுவின கோப்பையையே மறுபடி கழுவினேன்.

நவம்பர் 9, சனி

நேற்று வீடு வந்ததும் எழுத முடியவில்லை. காலையில் எழுதுகிறேன். வரிசையாக எழுதினால்தான் எனக்கே விளங்கும்.

ஆறு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அடித்தது. மீன் பொரிக்கும் வாசனை, ஈரக் கோட்டு வாசனை, நூறு பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம். என் வாழ்நாளில் ஒரு பாருக்குள் கால் வைத்ததில்லை. அறுபத்திரண்டு வயதில் வைத்தேன். லாவோன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, உங்க நோட்டுல என் பேரை எழுதிடாதீங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

கோரா ஓடிவந்தாள். சுத்தமான நீலச் சட்டை, தலையை இழுத்துப் பின்னியிருந்தாள். கட்டிப்பிடித்தாள். "அம்மா, நீ என்ன இவ்வளவு சின்னதாயிட்ட?" மூலையில் எங்களுக்காக ஒரு மேசையைப் பிடித்து வைத்திருந்தாள். மூன்று பேருக்கும் பொரித்த மீன், உருளைக்கிழங்கு அப்பம், முட்டைக்கோஸ் சாலட் சொன்னாள். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். "கோரா, உங்க அப்பா—" என்று தொடங்கினேன்.

அப்போது பஸ் வந்தது.

கல்யாண பஸ். ஆலயத்தில் கல்யாணம் முடித்து, விருந்து மண்டபத்துக்குப் போகும் வழியில் ஒவ்வொரு பாராக நிறுத்தி இறங்குவார்களே, அது. எங்கள் சபையில் அப்படி யாரும் செய்வதில்லை. மணப்பெண் வெள்ளைக் கவுன் மேல் அப்பாவின் வேட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் ஆளாக உள்ளே வந்தாள். பின்னால் நாற்பது பேர் இருக்கும். ஏற்கெனவே நிற்க இடமில்லை. அதே நிமிஷத்தில் கவுண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு கத்தல். அங்கே வேலை செய்யும் டிராய் என்ற பையன் உடைந்த கண்ணாடியில் உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான். கடைக்காரர் காஸ், எழுபது வயதுக்காரர், துண்டைச் சுற்றி அவனைத் தைக்க அனுப்பினார்.

கோரா என்னைப் பார்த்தாள். காஸைப் பார்த்தாள்.

"ரெண்டு நிமிஷம்மா."

கவுண்டரின் தூக்குப் பலகையைத் தூக்கி உள்ளே போனாள். அதற்கப்புறம் மூன்று மணி நேரம் வெளியே வரவில்லை.

எங்கள் மேசையில் தோழிப்பெண்கள் உட்கார்ந்துவிட்டார்கள். பருத்த உடம்பும் தொப்பியுமாக ஒரு பெரியவர் தன் ஸ்டூலையும் பக்கத்து ஆளின் ஸ்டூலையும் எங்களுக்குத் தள்ளினார். பெயர் யூஜீன். தோல் பதனிடும் ஆலையில் இருந்து ஓய்வு பெற்றவர். "நீங்க கோராவோட அம்மாவா? உக்காருங்க, உக்காருங்க. அவ எங்க எல்லாருக்கும் அம்மா மாதிரி. அப்ப நீங்க எங்களுக்குப் பாட்டி!" என்னைவிட பத்து வயது மூத்தவர்.

அப்படித்தான் கவுண்டரின் ஓரத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

இப்போது எழுதப்போவதை வெர்லினே நம்பவில்லை. பின்னால் நிற்பவர்களால் கவுண்டர் வரை வர முடியாது. ஒருவன் இருபது டாலர் நோட்டைத் தலைக்கு மேல் தூக்கி, என்ன வேண்டும் என்று முன்னால் நிற்பவனிடம் சொல்கிறான். நோட்டு கைமாறிக் கைமாறி வருகிறது. யார் கை, யார் நோட்டு, யாருக்கும் தெரியாது. கோரா வாங்குகிறாள். கிளாஸ்கள் அதே வழியாகத் தலைகளுக்கு மேலே போகின்றன. சிந்தவில்லை. அப்புறம் சில்லறை. மடித்த நோட்டும் அதற்குள் காசும் பத்துப் பேர் கையைக் கடந்து, பஸ்ஸில் வந்த முன்பின் தெரியாதவன் கைக்குப் போய்ச் சேர்கிறது. அவன் எண்ணிப் பார்க்கவே இல்லை!

பத்தொன்பது வருஷமாக ஞாயிறுதோறும் நானும் வெர்லினும் சபைக் காணிக்கையை எண்ணுகிறோம். கதவைப் பூட்டிக்கொண்டு எண்ணுகிறோம். இரண்டு பேர் எண்ண வேண்டும் என்று விதி. இங்கே எந்த விதியும் இல்லை. நான் ஒருவரையே கண்ணால் தொடர்ந்தேன், எங்காவது ஒரு கை நழுவும் என்று. நழுவவில்லை. எனக்குள் என்னமோ ஆயிற்று. சொல்லத் தெரியவில்லை.

நடுவில் கோரா. ஒரு கையில் பியர் குழாய், இன்னொரு கையில் பிராந்தி. வாய் யாருக்கோ பதில் சொல்கிறது, கண் வேறு யாரையோ பார்க்கிறது. யாருக்கு எது என்று எழுதி வைக்கவில்லை. மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் தள்ளாடி வந்து இன்னும் ஒன்று என்றான். இவளைப் போல் இரண்டு மடங்கு உயரம். அவன் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து, "இதைக் குடிச்சிட்டு அந்தப் படியில உக்காரு, செல்லம். நான் சொல்றப்ப எழுந்திரு" என்றாள். உட்கார்ந்தான்! என் வயிற்றில் பிறந்தவள்தானா என்று பார்த்தேன். ஒன்பது வயதில் பன்றிக்குட்டிக்குப் பயந்தவள்.

எனக்கு ஒரு கிளாஸில் செர்ரி போட்ட சோடா வந்தது. பிள்ளைகளுக்குத் தருவது. லாவோனுக்குப் பிராந்தி கலந்தது வந்தது, ஆரஞ்சுத் துண்டோடு. "மாறிப்போச்சு போல" என்றாள். மாற்றிக்கேட்கவில்லை. "இருமலுக்கு நல்லது, அண்ணி." அவளுக்கு இருமல் இல்லை.

ஒரு கூத்தும் நடந்தது. கோரா போகிற வேகத்தில் என் முன்னால் ஒரு சின்ன கிளாஸைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் இன்னொன்று. பார்த்துக்கொண்டே இருக்கும்போது ஏழு ஆகிவிட்டது. பாவம், கழுவின கிளாஸை வைக்க இடமில்லை போல என்று நினைத்து, கைக்குட்டையால் ஒவ்வொன்றாகத் துடைத்து, அடுக்கி, அவள் பக்கம் தள்ளினேன். அக்கம்பக்கம் வெடித்துச் சிரித்தது. யூஜீன் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்துவிட்டுச் சொன்னார்:

"அம்மா! கவுத்து வச்சா உங்களுக்கு யாரோ ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம். ஏழு பேர் வாங்கினதையும் தொடச்சு திருப்பிக் குடுத்துட்டீங்க!"

"யார் வாங்கினது? ஏன்?"

"கோராவோட அம்மாவாச்சே."

அவ்வளவுதான் காரணம். ஏழு பேரில் ஒருவர் முகம்கூட எனக்குத் தெரியாது.

ஒன்பதரை ஆயிற்று. கல்யாணக் கூட்டமும் மண்டபத்தை மறந்து அங்கேயே நின்றது. லாவோன் கதவுப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பனி கனமாகிறது, இப்போது கிளம்பாவிட்டால் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொள்வோம் என்றாள். கோரா கவுண்டரின் மறுகோடியில் இருந்தாள். கையசைத்தேன். அவளும் அசைத்தாள், ரெண்டு நிமிஷம் என்று விரல் காட்டினாள். கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இத்தனை தூரம் வந்து, அவளுக்கு எதிரே மூன்று மணி நேரம் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல் போகப்போகிறேன். கைப்பையைத் திறந்து திறந்து மூடினேன்.

யூஜீன் குனிந்தார். "என்னம்மா, ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க?"

சொல்லிவிட்டேன். சபையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் காதோடு சொல்வோமே, அது அங்கேயே நிற்கும், அப்படி நினைத்துச் சொன்னேன். "கோராவோட அப்பாவுக்கு டிசம்பர் ஒன்பதாம் தேதி இதயத்தைத் திறக்கறாங்க. அவளுக்குத் தெரியாது. சொல்லத்தான் வந்தேன். சொல்ல முடியல."

பார் எப்படிப்பட்ட இடம் என்று எனக்கு என்ன தெரியும்?

யூஜீன் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். பிறகு அடுத்த ஸ்டூல்காரரின் தோளைத் தொட்டார். "கோராவுக்குச் சொல்லணும். அவ அப்பாவுக்கு டிசம்பர் ஒன்பது இதய ஆபரேஷன். அம்மா சொல்ல வந்தாங்க." அவர் திரும்பி அடுத்தவரிடம் சொன்னார், வார்த்தை மாறாமல். அவர் அடுத்த பெண்ணிடம். ஐயோ நிறுத்துங்கள் என்று எழுந்தேன். யாரை நிறுத்துவது? கைமாறிப் போகும் நோட்டைப் போல அது போய்விட்டது.

சொல் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. ஓட்ஸ் வயலில் காற்று போனால் தெரியுமே, அப்படி. அது தொட்ட இடத்தில் சிரிப்பு நின்றது. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஒரு தோழிப்பெண் பூங்கொத்தோடு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். மணப்பெண் தன் பாட்டை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள், அதே வார்த்தைகளை, அதே தேதியை. என் கண்முன்னால் அந்தக் கவுண்டர் நெடுக அமைதி நடந்து போனது. நல்ல ஆராதனையில் இரண்டோ மூன்றோ தடவைதான் அப்படி ஒரு அமைதியைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியில் காஸ். அவர் கோராவின் காதில் சொன்னார்.

அவள் ஜாடியில் பியர் பிடித்துக்கொண்டிருந்தாள். அது நிரம்பி வழிந்தது. மாலை முழுக்க ஒரு சொட்டு சிந்தாதவள். முப்பதடி தூரத்திலிருந்து என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் தூக்கி ஒன்பது விரலைக் காட்டினாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

குழாயை மூடினாள். கவுண்டரைத் துடைத்தாள். அடுத்த கிளாஸை எடுத்தாள்.

அவ்வளவுதான்.

நாங்கள் போக வழி விட்டார்கள். வழி எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, சுவர்தான் பின்வாங்கியிருக்க வேண்டும். போகும்போது தோளை, முதுகை, கையைத் தொட்டார்கள். சாப்பிடாத மீனை யாரோ பெட்டியில் போட்டு லாவோனிடம் கொடுத்தார்கள். காசு வாங்கவில்லை. வாசலில் திரும்பிப் பார்த்தேன். கூட்டம் மூடிக்கொண்டுவிட்டது.

காலையில் வெர்லினிடம் ஒன்றும் மறைக்கவில்லை. முட்டையைத் தின்னாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில்: "ஒருத்திகிட்ட சொல்லாதேன்னேன். நீ ஒரு கல்யாண பஸ்ஸுக்கே சொல்லிட்டு வந்திருக்க."

செலவு: லாவோனுக்குப் பெட்ரோல் பதினைந்து டாலர், வண்டி நிறுத்த எட்டு. அந்த ஏழு கிளாஸை எந்தப் பக்கம் எழுதுவது? வரவு என்றா? விட்டுவிட்டேன்.

நவம்பர் 10, ஞாயிறு

பிரசங்கம் காதில் ஏறவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன் எனக்குள் — ஒரு நிமிஷம் வெளியே வந்தால் என்ன? பெற்றவள் வாசலில் நிற்கிறேன். பியர்தான் முக்கியமா? ஒரே ஒரு நிமிஷம்டீ.

நவம்பர் 13, புதன்

கோரா போன் செய்தாள். கடைக்கு மேல் மாடியில்தான் அவள் குடியிருக்கிறாள். கீழே பாட்டு ஓடுவது போனிலும் கேட்டது.

"அம்மா, கோவமா இருக்கியா?"

"ஆமா."

"நான் வெளிய வந்திருந்தா, உன் மடியில தலைய வச்சு எல்லார் முன்னாடியும் அழுதிருப்பேன். அப்புறம் எழுந்திரிச்சிருக்கவே மாட்டேன். காஸ் தனியா இருந்தார். உள்ள நின்னா கை பாட்டுக்கு வேலை செய்யும். அதான்."

எனக்கும் அப்படித்தான். என் அம்மா போன அன்று முப்பத்தாறு பேருக்குப் பன்றி இறைச்சி வைத்துப் பன் செய்தேன்.

"வருவியா?" என்றேன்.

"அப்பா கேட்டாரா?"

"கேப்பார்."

"கேட்டாராம்மா?"

"இல்ல."

"அவர் கேட்டா வரேன். நீ கேட்டு வரமாட்டேன். கோவம் இல்ல. போன்னு சொன்னவர் வான்னு சொல்லணும். நான் சும்மா வந்து ஆஸ்பத்திரியில நின்னா, என் வேலைக்கு மன்னிப்பு கேட்டு வந்த மாதிரி ஆயிடும். மன்னிப்பு கேக்கற வேலையா அது? நீ பாத்தியே. சொல்லு."

பார்த்தேன்தான். "இல்ல" என்று சொன்னேன். அவள் அந்தப் பக்கம் மூச்சை உள்ளிழுத்தது கேட்டது.

இதை வெர்லினிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன், வார்த்தை மாறாமல். எழுந்து கராஜுக்குப் போய்விட்டார். பனி தள்ளும் இயந்திரத்தைப் பிரித்துப் போட்டார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 16, சனி

தபாலில் ஒரு பெரிய வாழ்த்து அட்டை. 'கோராவின் அப்பாவுக்கு' என்று மேலே. உள்ளே இடமில்லாமல் கையெழுத்துகள், ஓரங்களில், குறுக்கே, பின்பக்கம் எல்லாம். நடுவில் ஈரக் கிளாஸ் வைத்த வட்டம்.

வெர்லின் முகர்ந்து பார்த்தார். "பியர் நாறுது."

குப்பைக்கூடைப் பக்கம் நடந்தார். பாதி வழியில் நின்று படிக்க ஆரம்பித்தார். "யாரிது, பெரிய ரான்?"

"தெரியாது."

"'எனக்கும் வால்வு மாத்தினாங்க, இப்ப மான் வேட்டைக்குப் போறேன், பயப்படாதீங்க'ன்னு எழுதியிருக்கான்." இன்னும் கொஞ்சம் படித்தார். "மணப்பெண்ணாமே? மணப்பெண் எதுக்கு எனக்கு எழுதறா?"

அவளுக்குக் கல்யாணமாகி எட்டு நாள்தான் ஆகிறது. தேனிலவுக்குப் போன இடத்திலிருந்து ஓடிவந்தா கையெழுத்துப் போட்டிருப்பாள்? எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் போனார். பின்பக்கமும் திருப்பினார். எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

"அவ பேர் இல்ல," என்றார்.

நவம்பர் 17, ஞாயிறு

அட்டை குப்பையில் இல்லை. எங்கே என்று நான் தேடவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நடுப்படியில் நின்று, சுவர்ப் படத்தைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்கிறார். நான் கீழே நின்று துணி மடிப்பதுபோல் பாசாங்கு செய்கிறேன்.

இரவுச் சாப்பாட்டில் திடீரென்று: "அந்தச் சில்லறை. கை மாறிப் போச்சுன்னியே. ஒருத்தன்கூட எடுக்கலையா?"

"ஒருத்தர்கூட."

"நீ சரியா பாத்தியா?"

"காணிக்கை எண்ணற கண்ணு இது."

மென்றுகொண்டே இருந்தார். "அந்தக் குடிகாரன். தடியன். அவன் அவளை ஏதாவது சொன்னானா?"

"இல்ல. போகும்போது தண்ணி கிளாஸைத் திருப்பிக் குடுத்துட்டுத் தாங்க்ஸ் சொன்னான்."

"பயமில்லையா அவளுக்கு?"

"உங்க பொண்ணுக்கா?"

சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்காகத் தட்டைப் பார்த்தார்.

நவம்பர் 22, வெள்ளி

டெல்லும் மற்றவர்களும் மான் வேட்டைக்குக் கிளம்பினார்கள். வெர்லின் போகாத முதல் வருஷம். துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துத் திரும்ப மாட்டினார். ஆண்டவரே, அவர் பயப்படுகிறார். என்னிடம் சொல்ல மாட்டார். உம்மிடமாவது சொல்கிறாரா?

நவம்பர் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து காணிக்கை எண்ணும் அறையில் நாங்கள் இருவர் மட்டும். கதவைப் பூட்டினேன். ஒரு கட்டை எண்ணி முடித்துவிட்டு, அடுத்ததைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"நாம எதுக்குப் பூட்டறோம்?" என்றார்.

"விதி."

"தெரியும். நான்தான் அந்த விதியைக் கொண்டுவந்தேன்."

அப்புறம் எண்ணினோம். சரியாக இருந்தது.

நவம்பர் 28, வியாழன், நன்றி நாள்

வான்கோழி பதினான்கு பவுண்டு. டெல் இன்னும் வேட்டையில், ஆக ஐந்து பேர். கோரா வரவில்லை, வருவாள் என்று நானும் நினைக்கவில்லை. லாவோன் கிரேவிச் சட்டியை வைத்துக்கொண்டே, "அண்ணா, அந்தப் பிராந்தியில ஆரஞ்சு போடறாங்களே, அது ஒண்ணும் மோசமில்ல தெரியுமா" என்றாள். போதகர் இருக்கும்போதே! அவர் மனைவிக்கு இருமல் வந்துவிட்டது. நிஜ இருமல்.

சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொருவரும் எதற்கு நன்றி என்று சொல்வோம். வெர்லின் முறை வந்தது. உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தெரியாதவங்களுக்காக," என்றார்.

போதகர், அயல்நாட்டு மிஷனரிகளைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்து ஆமென் என்றார். நான் மேசைக்கடியில் அவர் கையைத் தேடினேன். ஏற்கெனவே என் பக்கம் நீண்டிருந்தது.

நவம்பர் 30, சனி

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஐந்தரைக்குச் சொன்னதை ஐந்து மணி என்று மாற்றிவிட்டார்கள். வெர்லின் கணக்குப் போட்டார்: மூன்றேகாலுக்கு எழ வேண்டும், பனி பெய்தால் இரண்டரைக்கு. முந்தின இரவே மில்வாக்கிக்குப் போய்விடலாம், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் விடுதிகள் இருக்கின்றன, விலை விசாரிக்கிறேன் என்றேன்.

"எட்டாம் தேதி ஞாயிறாச்சே," என்றார்.

ஞாயிறு ஓய்வுநாள், அன்றைக்கு நாங்கள் காசு கொடுத்து எதுவும் வாங்குவதில்லை. கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட இல்லை. ஆபத்துக்குப் பாவமில்லை, போதகரைக் கேட்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கையை நீட்டினார்.

"உன் போனைக் குடு."

"யாருக்கு?"

ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். சீஸ் ஆலையில் முப்பத்தாறு வருஷம் உழைத்த விரல் அது. ஒரு எழுத்து தட்டினால் மூன்று விழுகிறது. அழித்தார். மறுபடி தட்டினார். ரொட்டி மாவைப் பிசைந்துகொண்டே இருந்தேன், நிறுத்தினால் எழுந்துவிடுவாரோ என்று பயம். முக்கால் மணி நேரம். மாவு கல்லாகிவிட்டது.

கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அனுப்பியே விட்டிருந்தார். எழுத்துப்பிழை இருந்தா சொல்லு என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். பிழை எதுவும் என் கண்ணில் படவில்லை. எனக்கு எழுத்தே சரியாகத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு, இங்கே அப்படியே எழுதிக்கொள்கிறேன்:

"கோரா. அப்பா எழுதறேன். எட்டாம் தேதி ஞாயிறு ராத்திரி எனக்கும் அம்மாவுக்கும் உன் வீட்டுல படுக்க இடம் இருக்குமா? கீழ சத்தமா இருந்தா பரவாயில்ல. மாடிக்கு எத்தனை படி? மெதுவா ஏறுவேன். காலைல நீதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், எனக்கு அந்த ஊர் வழி தெரியாது. சீக்கிரம் பதில் சொல்லு."